வசந்தி பொரளைக்குப் போன பஸ்

போன மாதம் ஒரு நாள் காலையில், நான் முன்பு வேலை செய்த நிலையத்திலிருந்து தொலைபேசி வந்தது. இப்போது அங்கே பொறுப்பாக இருக்கும் பெண் பேசினார். பயிலுனர் ஒருவரின் தகப்பன் இறந்துவிட்டாராம். மகனுக்கு நாற்பது வயது. அவருக்கு இதைச் சொல்லவே வேண்டாம், அப்பா வெளிநாட்டுக்குப் போய்விட்டார் என்று சொல்லுங்கள் என்று குடும்பத்தார் கேட்டார்களாம். "என்ன செய்யிறது சேர்?" என்றார். இன்றைக்கே சொல்லுங்கள், செத்த வீட்டுக்கும் கூட்டிக்கொண்டு போங்கள் என்றேன். அவர் அப்படியே செய்தார். பிறகு ஒரு நாள் மறுபடி தொலைபேசி எடுத்து, ஏன் என்று எழுதித் தந்தால் புதிதாக வேலைக்கு வந்திருக்கிறவர்களுக்கு வாசிக்கக் கொடுக்கலாம் என்றார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் நிலையம் வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில் இருக்கிறது. ஒரு விஷயத்தை விளங்கிக்கொள்ள மற்றவர்களைவிடக் கூடுதலான நேரம் எடுக்கிற, வளர்ந்த ஆண்களும் பெண்களும் அங்கே வருகிறார்கள். பாமசிகளுக்கு மருந்து போட்டுக் கொடுக்கும் சின்னக் காகித உறைகளை மடிப்பதுதான் அவர்களுடைய முக்கியமான வேலை. வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் நீங்கள் வாங்கும் குளிசைகளில் பாதி எங்கள் உறைகளுக்குள்தான் வந்திருக்கும் என்று நான் பெருமையடிப்பதுண்டு. அது கொஞ்சம் கூட்டிச் சொல்வதுதான். ஆனால் மடிப்புக் கோணி எங்கள் உறை ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்பது உண்மை.

நான் அதற்கு முன் கணக்கு வாத்தியார். யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து கொழும்புக்கு வந்தபோது பள்ளிக்கூட இடமாற்றம் கிடைக்கவில்லை. கிடைத்த வேலை இதுதான். ஒரு வருடம் ஒரு பயிற்சி நெறிக்குப் போனேன். அதில் படித்தவற்றில் பாதியை எங்கள் பொறுப்பாளர் முதல் வாரத்திலேயே மறக்கச் சொல்லிவிட்டார்.

அவரை எல்லோரும் மெடம் என்றே அழைத்தோம். பரீதா மெடம். கொழும்பிலேயே பிறந்து வளர்ந்த முஸ்லிம் பெண், உயரம் குறைவு, குரல் அதைவிடக் குறைவு. நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, "பிள்ளையள் எத்தனை பேர் மெடம்?" என்று கேட்டேன். "இங்க புள்ளைகள் இல்ல சேர், எல்லாரும் வளந்த ஆக்கள்," என்றார். அதற்குப் பிறகு நான் யாரையும் நீ என்று அழைக்கவில்லை. வேலை நடக்கும் அறைக்குள் போவதற்கு முன் மெடம் கதவைத் தட்டுவார். உள்ளே இருப்பவர்களில் ஒருவர் "வாங்கோ" என்று சொல்லும்வரை வெளியே நிற்பார். தாய்தகப்பன் யாராவது வந்து, மகளுக்கு இது வேண்டாம், மகனுக்கு அது சரிவராது என்று தொடங்கினால், முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "அவகிட்ட கேட்டீங்களா?" எங்களிடமும் அதையே கேட்பார். சீனி போடாத தேத்தண்ணி கொடுத்தாலும் அதே கேள்விதான்.

போர்க்காலத்தில் சோதனைச் சாவடிகள் எங்களுக்குப் பெரிய பயமாக இருந்தன. தமிழ் இளைஞர் ஒருவர் கேள்விக்குப் பதில் சொல்லாமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றால் சிப்பாய் என்ன நினைப்பான்? எங்கள் ஆட்களில் பாதிப் பேர் புதியவர் யார் கேட்டாலும் தரையைத்தான் பார்ப்பார்கள். வீட்டுக்காரர் அவர்களை வெளியே விடாமல் வைத்திருந்தார்கள். அவர்களைப் பழக்குவதற்காக மெடம் விளக்குமாற்றைத் துவக்குப் போலத் தோளில் சாய்த்துக்கொண்டு, வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்து, "ஐடென்டி எக்க பென்னன்ன," என்று சிங்களத்தில் அதட்டுவார். ஒவ்வொருவரும் நின்று, அடையாள அட்டையை எடுத்துக் கொடுத்து, முகத்தைப் பார்த்துப் பெயர் சொல்ல வேண்டும். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துச் சிரித்தே பழகிவிட்டார்கள். அந்த வருடங்களில் எங்கள் ஆட்களில் ஒருவர்கூட ஒரு இரவும் பொலிசில் இருக்கவில்லை. என் வேலைக்காலத்தில் நான் மார்தட்டிச் சொல்லக்கூடியவற்றில் இது ஒன்று.

மற்றது பஸ் பயிற்சி. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

வசந்தி கொட்டாஞ்சேனையிலிருந்து வந்துகொண்டிருந்தார். அப்போது அவருக்கு முப்பது தாண்டியிருக்கும். தாயும் அவரும் மட்டும் ஒரு சின்ன வீட்டில் இருந்தார்கள். தாய் தினமும் கொண்டுவந்து விட்டு, பின்னேரம் மறுபடி வந்து கூட்டிப்போவார். தாய்க்கு மூட்டுவலி. நான் தனியாக வருகிறேன் என்று வசந்திதான் கேட்டார். கேட்டதால்தான் பயிற்சி தொடங்கியது. நாங்களாக யாரையும் பஸ்ஸில் ஏற்றுவதில்லை.

கொட்டாஞ்சேனையில் ஏறி, கோட்டையில் இறங்கி, காலி வீதியால் வரும் பஸ்ஸுக்கு மாற வேண்டும். முதலில் நான் அவருடைய பக்கத்திலேயே இருந்து வந்தேன். வழியில் அடையாளங்கள் வேண்டுமே என்று பெரிய பெயர்ப்பலகைகளையும் வங்கிக் கட்டடங்களையும் காட்டிக்கொண்டு வந்தேன். அவர் ஒன்றையும் மனதில் வைக்கவில்லை. மெடத்திடம் முறையிட்டேன். "அடையாளம் யார் தெரிஞ்செடுத்த? நீங்கதானே?" என்றார். அடுத்த நாள் வசந்தியிடமே விட்டேன். சிவப்புக் கதிரை போட்ட சலூன், பாண் மணக்கிற சந்தி, மேல்மாடியில் எப்போதும் சேலை காயும் ஒரு வீடு என்று அவர் எடுத்துக்கொண்டார். சேலையை எடுத்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "கொடி இருக்கும்தானே சேர்," என்றார்.

பிறகு நான் வேறு சீற்றில் இருந்தேன். அதற்குப் பிறகு பின்சீற்றில். அவர் திரும்பிப் பார்த்தால் நான் யன்னலைப் பார்க்க வேண்டும் என்பது விதி. பிறகு வெள்ளவத்தை நிறுத்தத்தில் மட்டும் நின்றேன். பஸ்ஸை விட்டு இறங்கும்போது என்னைக் கண்டு, "ஏன் வெயிலுக்க நிக்கிறீங்கள்?" என்று கேட்பார்.

கடைசிப் படி எனக்குப் பிடிக்காதது. வேண்டுமென்றே பிழையான இடத்தில் இறங்க வேண்டும். அங்கிருந்து அவராகவே கேட்டு வந்து சேர வேண்டும். நான் எதிர்த்தேன். இவ்வளவு கஷ்டப்பட்டு வழி பழக்கியபிறகு வழியைக் கெடுப்பதா என்றேன். "தொலையத் தெரியாட்டி ஒரு நாளைக்குத் தொலைஞ்சா என்ன செய்வா?" என்று மெடம் கேட்டார். இன்றைக்குத் தெரியாத இடத்தில் இறங்கப்போகிறோம் என்று வசந்தியிடம் முதல்நாளே சொல்லிவிட்டுத்தான் அதைச் செய்தோம். வசந்தி கையில் பையோடு ஒரு புது வீதியில் நின்று, பழம் விற்றுக்கொண்டிருந்த ஒருவரிடம் போய், நாங்கள் பழக்கிய சிங்கள வசனத்தில் இடத்தின் பெயரை மட்டும் மாற்றி, "மே பஸ் எக்க வெள்ளவத்தட்ட யனவாத?", இந்த பஸ் வெள்ளவத்தைக்குப் போகுமா என்று கேட்டார். நான் எதிர்ப்பக்கத்தில் ஒரு மரத்துக்குப் பின்னால் நின்றேன். அந்த நாளை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு நிமிரும்.

பெயரும் தொலைபேசி இலக்கமும் எழுதிய ஒரு அட்டையை அவருடைய கழுத்தில் தொங்கவிடலாம் என்று நான் ஒருமுறை சொன்னேன். "பார்சலுக்குத்தான் விலாசம் ஒட்டுவாங்க," என்றார் மெடம். அட்டை கைப்பைக்குள், அடையாள அட்டையோடு போனது. நிலையத்தின் கேற்றும் பகலில் பூட்டப்படுவதில்லை. யார் வெளியே போனாலும் யாரிடமாவது சொல்லிவிட்டுப் போக வேண்டும். அவ்வளவுதான்.

இனி என் பிழைக்கு வருகிறேன்.

சில வருடங்களுக்குப் பிறகு மெடம் மக்காவுக்கு உம்றா யாத்திரை போயிருந்தார். நிலையம் என் பொறுப்பில் இருந்தது. ஒரு நாள் மத்தியானம் வசந்தியின் தமையன் சிவகுமார் வந்தார். தெஹிவளையில் குடும்பத்தோடு இருப்பவர், நல்ல மனுசன். என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். தாய் அன்று காலை வீட்டில் விழுந்து, கொண்டுபோகும் வழியிலேயே இறந்துவிட்டார். அடுத்த சுவரின் மறுபக்கத்தில் வசந்தி உறை மடித்துக்கொண்டிருந்தார்.

"சேர், இவளுக்குச் சொல்லாதேங்கோ. தாங்கமாட்டாள். அம்மாதானே இவளுக்கு எல்லாம்," என்றார். பொரளையில் ஆஸ்பத்திரியில் இருக்கிறா என்று சொல்லுவோம், கொஞ்ச நாள் போகட்டும், ஆறுதலாகச் சொல்லலாம் என்றார். அழுதுகொண்டே சொன்னார்.

நான் சரி என்றேன். வற்புறுத்தலால் அல்ல. எனக்கும் அதுதான் நல்லது என்று பட்டது. எங்கள் சனங்களிடம் இது ஒரு வழக்கம்தான். இருதய வருத்தக்காரருக்குச் சொல்வதில்லை, பரீட்சை எழுதுகிற பிள்ளைக்குச் சொல்வதில்லை. வசந்தியின் வயதை நான் மறந்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், அவரிடம் அதைச் சொல்கிற ஆளாக நான் இருக்க விரும்பவில்லை.

செத்த வீடு நடந்த அன்று, வசந்தியின் கண்ணில் யாரும் கறுப்புப் பட்டியோடு படக்கூடாது என்று, எல்லோரையும் வாடகை வான் ஒன்றில் ஏற்றி மிருகக்காட்சிச்சாலைக்கு அனுப்பினேன். ஒழுங்கு செய்தது நான்தான். அனுப்பிவிட்டு நான் உடலை வைத்திருந்த பொரளை மலர்ச்சாலைக்குப் போனேன். அங்கிருந்து கனத்தை மயானத்துக்கும் போனேன். பின்னேரம் திரும்பி வந்தபோது வசந்தி வாசலில் நின்றார். யானை தும்பிக்கையால் தண்ணீர் அடித்ததை அம்மாவுக்குச் சொல்ல வேண்டும் என்றார். சொல்லலாம் என்றேன்.

அவரைத் தமையன் தன் வீட்டில் வைத்துக்கொண்டார். காலையும் மாலையும் காரில் கொண்டுவந்து விட்டார். ஒருமுறை உடுப்பு எடுக்க அண்ணி கொட்டாஞ்சேனை வீட்டுக்குக் கூட்டிப்போயிருக்கிறார். தாயின் படத்தையும் விளக்கையும் அறைக்குள் வைத்துப் பூட்டிய பிறகுதான் வசந்தியை உள்ளே விட்டார்கள். மேசையில் கிடந்த மூக்குக்கண்ணாடியை ஒருவரும் கவனிக்கவில்லை.

அதற்கு அடுத்த வாரம், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வசந்தியின் கதிரை வெறுமையாக இருந்தது.

கடற்கரையில் தேடினோம். தண்டவாளத்தின் ஓரம் இரண்டு பக்கமும் போய்ப் பார்த்தோம். காலி வீதியில் கடை கடையாகக் கேட்டோம். சிவகுமார் ஓடி வந்தார். வந்த மனுசன் முதலில் கேற்றைப் பார்த்தார்.

"இதைப் பூட்டி வைக்கேலாதோ உங்களுக்கு? நீங்கள்தானே சேர் இவளைப் பஸ்ஸில போகப் பழக்கினது? இப்ப எங்கயெண்டு தேடுறது?"

அந்த நேரம் நானும் மனதுக்குள் அந்தக் கேற்றைப் பூட்டிக்கொண்டுதான் நின்றேன். பொலிசுக்குப் போவதற்கு அவருடைய படம் ஒன்று எடுக்க வேலை அறைக்குள் போனேன். கதவைத் தட்டவில்லை. ரிஸ்வான் என்பவர் மட்டும் தன் மேசையில் இருந்து உறைக்குப் பசை பூசிக்கொண்டிருந்தார். அவசரப்படவே மாட்டார், கதைப்பதும் குறைவு.

"சேர், வசந்தியத்தானே தேடுறீங்க?" என்றார்.

"ஓம் ரிஸ்வான்."

"அவ உம்மாவப் பாக்கப் போன. பொரளைக்கு. என்கிட்டச் செல்லிட்டுத்தான் போன."

"ஏன் இவ்வளவு நேரமும் சொல்லேல்லை?"

"என்கிட்ட ஒருத்தரும் கேக்கல்லயே," என்றார்.

நாங்கள் வெள்ளவத்தை முழுவதும் கேட்டுவிட்டோம். பக்கத்துக் கதிரையில் இருந்தவரிடம் கேட்கவில்லை.

ஓட்டோ ஒன்றைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். வசந்தி தாயோடு சில தடவை அங்கே கிளினிக் போயிருக்கிறார். ஆனால் வெள்ளவத்தையிலிருந்து தனியாகப் போகும் வழி அவருக்குத் தெரியாது. நாங்கள் அதைப் பழக்கவில்லை. ஏதோ ஒரு பஸ் நிறுத்தத்தில் நின்று, அந்த ஒரே வசனத்தில் இன்னும் ஒருமுறை இடத்தை மாற்றி, பொரளைக்குப் போகுமா என்று கேட்டுக் கேட்டே போயிருக்கிறார்.

பார்வையாளர் நேரத்துக்காகச் சனங்கள் காத்திருக்கும் வாங்கில் இருந்தார். மடியில் கைப்பை. என்னைக் கண்டதும் நகர்ந்து இடம் விட்டார்.

"இன்னும் விடேல்லை சேர். நாலரைக்குத்தானாம்," என்றார். பையைத் திறந்து கைலேஞ்சியில் சுற்றியிருந்ததை எடுத்துக் காட்டினார். மூக்குக்கண்ணாடி. "அம்மா இதை விட்டிட்டுப் போட்டா. இது இல்லாமல் எப்பிடிப் பாப்பா? ஒருத்தரும் கொண்டந்து குடுக்கேல்லை."

நான் பக்கத்தில் இருந்தேன். "வசந்தி, அம்மா இப்ப இஞ்ச இல்லை," என்றேன்.

"எந்த வாட்டுக்கு மாத்திப்போட்டினம்?"

சுற்றி வளைத்து எதையும் சொல்லக்கூடாது என்று மெடம் எங்களுக்குச் சொல்லிச் சொல்லியே வைத்திருந்தார். கடைசியில் சொன்னேன்.

"அம்மா செத்துப்போனா, வசந்தி."

அவர் கண்ணாடியைத் திரும்பக் கைலேஞ்சியில் சுற்றினார். நேரம் எடுத்தது. "எப்ப?" என்றார். சொன்னேன். எரித்த நாளையும் சொன்னேன்.

"நாங்கள் யானை பாக்கப் போன அண்டைக்கோ?"

"ஓம்."

"நீங்கள் வரேல்லைத்தானே யானை பாக்க."

"இல்லை. நான் செத்த வீட்டுக்குப் போனனான்."

"எல்லாரும் போனவையோ?"

"ஓம். உங்களுக்குத் தாங்கேலாது எண்டு நினைச்சு..."

"என்னட்டக் கேக்கேல்லையே," என்றார் வசந்தி. சத்தம் போடவில்லை. பிறகு அழுதார். பக்கத்தில் இருந்த சிங்களப் பெண் ஒருவர் தன் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். அதை வாங்கிக் குடித்தார். மணி அடித்து வாசல் திறந்து எல்லோரும் எழுந்து உள்ளே போனார்கள். நாங்கள் இருவரும் அந்த வாங்கிலேயே இருந்தோம். அவருக்கு எழும்பவேண்டும் என்று தோன்றியபோது எழும்பினோம். திரும்பிப் போக ஓட்டோ வேண்டாம் என்றார். பஸ்ஸில் வந்தோம்.

மெடம் திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். பேரீச்சம்பழப் பெட்டியை மேசையில் வைத்தவர் அதைத் திறக்காமலே கேட்டுக்கொண்டிருந்தார்.

"வசந்திகிட்ட கேட்டீங்களா?"

"இல்லை மெடம்."

"கேட்டிருந்தா என்ன செல்லியிருப்பா?"

"வாறன் எண்டுதான் சொல்லியிருப்பா."

"அப்ப, தெரிஞ்சிகொண்டுதான் நீங்க கேக்கல்ல, சேர்."

முப்பது வருட வேலையில் எனக்கு விழுந்த பெரிய அடி அதுதான். குரல்கூட உயரவில்லை. நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கியதும் கையால் வேலை அறையைக் காட்டினார். நான் போய்க் கதவைத் தட்டி, உள்ளே கூப்பிட்டபிறகு போய், எல்லோருக்கும் முன்னால் வசந்திக்குப் பொய் சொன்னேன் என்பதையும், அந்த யானைப் பயணமும் அந்தப் பொய்யில் ஒரு பங்கு என்பதையும் சொன்னேன். "பொய் செல்லக்கூடா சேர்," என்றார் ரிஸ்வான். பசைக்குத் திரும்பினார். வசந்தி பல நாட்கள் என்னோடு கதைக்கவில்லை. அது அவருடைய உரிமை.

ஆனால் ஒன்று மிச்சம் இருந்தது. முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டி இன்னும் நடக்கவில்லை. முகத்துவாரத்தில் கடலில் சாம்பல் கரைப்பார்கள். இந்த முறை வசந்தியிடம் கேட்டேன். வருவேன் என்று தலையை ஆட்டினார். சிவகுமார் ஒத்துக்கொள்ளவில்லை. கடற்கரையில் விழுந்து கத்தினால் ஐயர் எப்படிக் கிரியை செய்வது என்றார்.

"கத்தினால் கத்தட்டும் தம்பி. அவவின்ர அம்மா," என்றேன்.

வசந்தி கத்தவில்லை. ஈர மணலில் தமையனுக்குப் பக்கத்தில் நின்றார். சாம்பல் முட்டியைக் கடலில் விட்டுவிட்டு வந்து தேம்பி அழுதது சிவகுமார்தான். வசந்தி அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். வீதியைக் கடக்கும்போது பக்கத்தில் இருப்பவரைப் பிடிக்க நாங்கள் பழக்கிய பிடி அது. மூக்குக்கண்ணாடியைக் கடலில் விடச் சொன்னார் யாரோ. "அது வேண்டாம், என்னட்ட இருக்கட்டும்," என்றார். ஐயர் தலையாட்டினார். அந்த மாதமே வசந்தி மறுபடி பஸ்ஸில் வரத் தொடங்கினார். தமையன் வீட்டிலிருந்து வரும் வழிக்குப் புது அடையாளங்களைத் தானே எடுத்தார். எனக்கு அவை என்னவென்று சொல்லவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் நிலையத்தில் எந்த மரணமும் எவரிடமும் மறைக்கப்படவில்லை. பல தகப்பன்மார், தாய்மார், ஒரு தம்பி. ஒவ்வொன்றையும் பக்கத்தில் இருந்து, சரியான சொல்லால் சொன்னோம். சிலர் செத்த வீட்டுக்கு வரவில்லை என்றார்கள். அதையும் கேட்டுக்கொண்டோம். இது பெரிய காரியம் இல்லை என்று சிலர் நினைக்கலாம். என் வேலையில் நான் செய்த மிகப் பெரிய காரியம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். இதற்கான விலையை வசந்தி கொடுத்தார் என்பதையும் மறக்கவில்லை.

மெடம் ஓய்வுபெற்றபின் நிலையம் என்னிடம் வந்தது. நான் ஓய்வுபெறுவதற்குக் கொஞ்சக் காலம் முன்பு, ஒரு காலையில் மெடத்தின் மகன் தொலைபேசியில் சொன்னார். பின்னேரமே அடக்கம். நான் போய்க் கதவைத் தட்டினேன். வசந்தியை மட்டும் முதலில் வெளியே கூப்பிட்டேன். வேறு யாரிடமும் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

"மெடம் செத்துப்போனா, வசந்தி."

அவர் கையில் இருந்த தூரிகையைத் துடைத்து வைத்தார். எங்கே, எப்போது தாட்பார்கள் என்று கேட்டார். பிறகு உள்ளே போய் ஒவ்வொரு கதிரையாக நின்றார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே, அதே சொல்லால் சொல்லி, வருகிறீர்களா என்று கேட்டார். ஒருவர் இரண்டு தரம் கேட்டார், இரண்டு தரமும் சொன்னார். ரிஸ்வான் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார். வேலை அறை அன்றைக்கு வெறுமையாயிற்று.

வான் கூப்பிடவா என்று கேட்டேன். பஸ்ஸில் போகலாம் என்றார். தெஹிவளைக்குத்தானே. முன்னால் நின்று நடத்துனரோடு சிங்களத்தில் கதைத்தது அவர்தான். எல்லோரையும் எண்ணி ஏற்றியதும் அவர்தான். நான் பின்சீற்றில் இருந்தேன். அவர் திரும்பிப் பார்த்தபோது, பழைய விதிப்படி யன்னலைப் பார்த்தேன்.

மெடத்தின் வீட்டு ஒழுங்கையில் ஆட்கள் நிறைந்து நின்றார்கள். வாசலுக்குக் கொஞ்சம் முன்னால் என் கால் நின்றுவிட்டது. மற்றவர்களோடு போய்க்கொண்டிருந்த வசந்தி அதைக் கண்டு திரும்பி வந்தார்.

"சேர், நீங்கள் உள்ளுக்கு வாறீங்களோ? உங்களுக்குத் தாங்குமோ?"

"வாறன். கொஞ்சம் பொறுங்கோ," என்றேன்.

அவர் மற்றவர்களைப் போகச் சொல்லிவிட்டு, நான் நடக்கத் தொடங்கும்வரை பக்கத்தில் நின்றார்.